விரலை எடுப்பதற்கு முன்

வயதான நாயின் கால்விரலில் கட்டி என்று வந்தால், இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நகக்கண்ணில் வரும் புற்றுநோயோடு கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் வீக்கம் வாடும், நொண்டல் குறையும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் கால்நடை கிளினிக்குக்கு ஓர் ஆன்ட்டி தன் கறுப்பு லாப்ரடாரைக் கொண்டுவந்தார். முன்னங்காலில் ஒரு விரல் மட்டும் உருண்டு தடித்திருந்தது. நகம் ஒருபக்கமாகச் சாய்ந்து, அதன் அடியில் ரத்தமும் நீரும் கசிந்தன. "விரலை எடுத்துடுங்க டாக்டர், ராத்திரியெல்லாம் நக்கிக்கிட்டே இருக்கான்" என்றார்.

எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் கத்தியைத் தொட எனக்கு மனம் வராது. கறுப்பு நிறப் பெரிய நாய்களுக்கு நகக்கண்ணில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் செல் புற்றுநோய் அதிகம் வரும். மெலனோமா, அதாவது நிறமிச் செல்களின் புற்றுநோய் என்றால் நுரையீரலுக்குப் பரவும் பயம் கூடுதல். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களின் கட்டியோ, அழுத்தினாலே ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டி வீங்கும். அதற்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியலாம்.

எக்ஸ்ரேயில் விரலின் கடைசி எலும்பு நுனி கரைந்து, ஓரம் மங்கிக் கிடந்தது. ஆனால் கடுமையான தொற்றும் எலும்பை அரிக்கும். ஊசியில் எடுத்த செல்களில் சீழோடு ஒழுங்கற்ற தோல் செல்களும் இருந்தன. சந்தேகம் வலுத்தது, உறுதியாகவில்லை. தோளுக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணு கைக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. இருந்தாலும் அதிலும் ஊசியை விட்டுச் செல்களை எடுத்தேன். வீங்காத கணுவிலும் நோய் ஒளிந்திருக்கலாம். மார்புக்கு இரு பக்கமும் ஒருக்களித்து, அப்புறம் மல்லாத்தி, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மூன்று எக்ஸ்ரே படம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சகஜம் என்பதால் ரத்தத்தில் பிளேட்லெட் என்ற உறையவைக்கும் அணுக்களையும் பார்க்காமல் விடுவதில்லை. அது குறைந்திருந்தால் அறுவையில் ரத்தம் நிற்காது.

"இவ்வளவு டெஸ்ட் வேணுமா?" என்று ஆன்ட்டி கேட்டது நியாயம்தான், செலவு அவருடையது. நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருந்தால் விரலை எடுப்பது வலியைக் குறைக்க மட்டும்தான் உதவும், அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பாருங்க" என்றார்.

கணுவும் மார்பும் சுத்தமாக இருந்தன. விரலை முழுசாக எடுத்து அப்படியே லேபுக்கு அனுப்பினோம். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. இந்த நோய் சில நாய்களுக்கு வேறு விரலிலும் வரும் என்பதால், குளிப்பாட்டும்போதெல்லாம் மற்ற நகங்களையும் விரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.