ஆக்சிஜனைக் கூட்டுவது யார் வேலை?

கனடாவின் ஒன்டாரியோவுக்கு நர்ஸ் வேலைக்கு வரும் நம்மவர்கள் பலரும் மருந்துப் பெயர்களையும் கம்ப்யூட்டரையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். எனக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது ஆர்டி, அதாவது மூச்சுச் சிகிச்சையை மட்டும் பார்க்கும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், எங்கே வருவார், நான் எங்கே நிற்கவேண்டும் என்பதுதான். மதுரையில் நான் இருந்த ஐசியுவில் அப்படி ஒருவர் கிடையாது. சக்ஷன் போடுவது (சளியை உறிஞ்சி எடுப்பது), நெபுலைசர் வைப்பது, வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் ஓடுவது எல்லாம் நர்ஸ், செட்டிங்கை மாற்றுவது மயக்க மருந்து டாக்டர், நெஞ்சுச் சளி என்றால் பிசியோ. இங்கே அந்த மூவரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு தனித் தொழிலாக்கி, மூன்று வருடப் படிப்பும் தனி லைசென்ஸும் வைத்திருக்கிறார்கள்.

நான் இங்கே ஆர்பிஎன், அதாவது ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நர்ஸ். மற்ற பல மாகாணங்களில் இதையே எல்பிஎன் என்பார்கள். இரண்டு வருட டிப்ளமோ, 2022 முதல் ரெக்ஸ்-பிஎன் என்ற லைசென்ஸ் தேர்வு.

சரி, யார் எதைச் செய்யலாம்? ஆபத்து உள்ள செயல்களை 1991-ஆம் வருடச் சட்டம் ஒன்று பட்டியல் போட்டு, எந்தத் தொழிலுக்கு எது என்று பிரித்துக் கொடுக்கிறது. ஒரே செயல் இரண்டு தொழிலுக்கும் இருக்கலாம். டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளை) சக்ஷன் இருவருக்கும் உண்டு, பஃபர் (இன்ஹேலர்), நெபுலைசர் கொடுப்பதும் அப்படியே. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது ஆர்டிக்கு உண்டு, ஆர்பிஎன் வழக்கமாகச் செய்வதில்லை. வென்டிலேட்டர், பைபாப் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி), மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். மீதியை மருத்துவமனையின் பாலிசி தீர்மானிக்கும், அது இடத்துக்கு இடம் மாறும். அதனால் பழைய இடத்தில் செய்தேன் என்று புது இடத்தில் கை வைக்காதீர்கள், முதலில் பாலிசியைத் திறந்து படியுங்கள்.

ஆக்சிஜன் விஷயம்தான் நிஜமான இடியாப்பச் சிக்கல். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளி, மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதம். டாக்டர் ஆர்டரில் 88 முதல் 92 வரை என்று இருந்தால் அதற்குள் வைத்திருக்க நானே கூட்டிக் குறைக்கலாம். ராத்திரி அதே 90-ஐப் பிடிக்க 4 லிட்டர், 5 லிட்டர் என்று போகிறது, மூச்சு நிமிடத்துக்கு 30, கழுத்துத் தசை இழுக்கிறது, தூக்கக் கலக்கமாகப் பேசுகிறார். மானிட்டரில் எண் மாறவே இல்லை, ஆள் மாறிவிட்டார். ஆர்பிஎன் தனியாகப் பார்க்கவேண்டியது நிலை சீராக உள்ள, அடுத்து என்ன என்று ஊகிக்க முடிகிற நோயாளியை. இவர் அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. உடனே பொறுப்பில் உள்ள ஆர்என்-ஐயும் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆர்டியையும் கூப்பிடவேண்டும், டாக்டருக்கும் சொல்லவேண்டும். நம் ஊரில் அடுத்தவரைக் கூப்பிடுவதென்றால் கை வராத நர்ஸ் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. இங்கே அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான் பார்த்த ஆர்டி யாரும் சீக்கிரம் கூப்பிட்டதற்காகக் கோபித்ததில்லை, ஏன் தாமதம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். போனில் லிட்டர் எவ்வளவு, எப்போதிலிருந்து ஏறியது, மூச்சு எண்ணிக்கை, சளியின் நிறம், கடைசியாக பஃபர் கொடுத்த நேரம் இவற்றைச் சொன்னால் போதும், அவர் வருவதற்குள் நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

எந்தப் படிப்பில் சேரலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒரே நோயாளியோடு முழு ஷிப்டும் இருந்து, சாப்பாடு, புண், மருந்து, குடும்பம் எல்லாவற்றையும் பார்க்கப் பிடித்தால் நர்ஸிங். மூச்சு ஒன்றையே ஆழமாகப் பிடித்துக்கொண்டு எமர்ஜென்சிக்கும் ஐசியுவுக்கும் ஓடப் பிடித்தால் ஆர்டி. முதியோர் இல்லங்களில் ராத்திரி ஆர்டி இருப்பது அரிது, டிரக்கியாஸ்டமியோ, பைபாப் போன்ற சிபாப் கருவியோ, ஆக்சிஜனோ எல்லாம் ஆர்பிஎன் தலையில்தான். ஆகவே இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்: ராத்திரி ஆர்டி உண்டா, இல்லையென்றால் யாரைக் கூப்பிடுவது, டிரக்கியாஸ்டமி பயிற்சியை வேலை தொடங்கும் முன்பே கொடுப்பீர்களா?