தை மாதக் குறிப்புகள்

ஜனவரி 4, 2024
மழை விடேல்ல. அம்மா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா.

ஜனவரி 6
நித்திரை வராததால கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து ஃபோனில பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகம் போட்டன். அம்மா எழும்பிடுவா எண்டு சத்தத்தைக் குறைச்சு வைச்சன். குதிரை, கப்பல், திரும்பவும் குதிரை. ஒருத்தன் எங்க போறான் எண்டு விளங்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்திட்டான். 1950 இலயிருந்து 1954 வரைக்கும் கல்கி கிழமைக்குக் கிழமை ஆக்களைக் காக்க வைச்சு எழுதின கதை இது. இவ்வளவு செலவழிச்சு இப்பிடி விழுந்தடிச்சு ஓட வேணுமோ? நந்தினி வந்தால் மட்டும் படம் மூச்சு விடுது.

ஜனவரி 7
ஐஸ்வர்யா ராய். வேற ஒண்டும் ஞாபகத்தில நிக்கேல்ல.

ஜனவரி 9
பிசியோ பிள்ளை வந்தவ. வலது கை கொஞ்சம் இறுக்கமாம். கேள்வியைச் சின்னனாக் கேளுங்கோ, கேட்டுப்போட்டுப் பொறுத்திருங்கோ, நீங்களே பதிலைச் சொல்லிப் போடாதேங்கோ எண்டா. அம்மா எல்லாத்துக்கும் "ஓம்" எண்டுறா. பசிக்குதோ? ஓம். பசிக்கேல்லையோ? ஓம்.

பெரிய மாமா வந்து செவிடருக்குச் சொல்லுற மாதிரிக் கத்திக் கதைச்சிட்டுப் போனார். அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும், மாமா.

ஜனவரி 12
திரும்பவும் ஊமை ராணி, மந்தாகினி. நந்தினியா வாற ஐஸ்வர்யா ராய்தான் இவவும். முதலாம் பாகம் முடியேக்க கடலுக்குள்ள நீந்தி வாற கிழவியின்ர முகத்தைக் காட்டி நிப்பாட்டினவை. 2022 இல அதைப் பார்த்திட்டு, அடுத்த பாகம் இவவின்ரதான் எண்டு நம்பிக்கொண்டிருந்தன். கிடைச்சது சுண்டங்காய் அளவு. வாறா, பார்க்கிறா, சுந்தர சோழருக்கு வந்த சாவைத் தான் வாங்கிக்கொண்டு போறா.

அந்தக் கொஞ்சத்துக்குள்ள அவ செய்திருக்கிறதுதான் என்னை விடுகுதில்லை. எங்கட சினிமாவில வாய் பேசாத ஆள் எண்டால் ரெண்டு கையையும் விசுக்க வேணும், தொண்டைக்குள்ளால ஒரு சத்தம் எழுப்ப வேணும். இவ சும்மா நிக்கிறா. நந்தினி, ஆர் ஆர் தன்னைப் பார்க்கினம் எண்டு தெரிஞ்சு கழுத்தைத் திருப்புறவள். மந்தாகினிக்கும் அதே கழுத்துத்தான், ஆனா தன்னை ஒருத்தர் பார்க்கினம் எண்ட நினைப்பே அதில இல்லை. நரைமுடி வைச்சு அதைக் கொண்டுவர ஏலாது. 1997 இல தன்ர முதல் படமான இருவரிலயும் இதே மணிரத்னத்திட்ட ரெண்டு வேசம் கட்டினவதானே.

நந்தினிக்குக் குரல் குடுத்தது தீபா வெங்கட். நல்ல குரல், குறை சொல்ல மாட்டன். ஆனாலும் இன்னொருத்தியின்ர குரல். மந்தாகினியில அந்த இரவலும் இல்லை, முழுக்க அவவின்ர உழைப்பு. அதைப் போய் வெட்டி வைச்சிருக்கிறாங்கள்! கதைக்க ஏலாத ஆளின்ர முகத்தில ஒண்டு வந்து சேர நேரம் எடுக்கும். கமராவுக்கு அதுவரைக்கும் நிக்கப் பொறுமையில்லை, அடுத்த ஆளிட்ட ஓடிடுது.

ஜனவரி 13
தங்கச்சி கனடாவிலயிருந்து எடுத்தவள். "அக்கா, உங்களுக்கு ஒரு படமும் பிடிக்காது" எண்டுறாள். பிறகு அழுதாள். படத்துக்கில்லை.

ஜனவரி 15
பொங்கல். சின்னப் பானைதான். முன்வீட்டு மச்சாள் தேவாரம் பாடேக்க அம்மாவும் சேர்ந்து பாடினா. சொல் பிசகேல்ல! முடிஞ்ச கையோட "அம்மா, சர்க்கரை காணுமோ?" எண்டன். ஓம். கதைக்க ஏலாமல் போனாலும் சில பேருக்குப் பாட்டு மிஞ்சுமாம், பிசியோ பிள்ளை சொன்னவ. சந்தோசப்படுறதோ எரிச்சல்படுறதோ தெரியேல்ல.

ஜனவரி 16
ஒண்டுமில்லை. துணி காயேல்ல.

ஜனவரி 18
அம்மா கல்கி பத்திரிகையில வந்த கதைப் பக்கங்களைக் கட்டி வைச்சிருந்தவ, ஓவியர் மணியம் கீறின படங்களோட. 95 இல வீட்டை விட்டுப் போகேக்க எல்லாம் போயிட்டுது. அவர் கீறின நந்தினியின்ர கொண்டைக்கு ஒரு நடிகையும் பொருந்தமாட்டாள் எண்டு எத்தினை பேரோட சண்டை பிடிச்சிருப்பா! இண்டைக்குக் கடம்பூர் மாளிகைக் காட்சியை, ஆதித்த கரிகாலனும் நந்தினியும் தனிய நிக்கிற இடத்தை, அவவுக்குப் போட்டுக் காட்டினன். படம் முழுக்கக் கடன்பட்டு ஓடி அந்த ஒரு அறையிலதான் கடனைக் கட்டுது. கரிகாலனா வாற விக்ரமும் சும்மா இல்லை, ஆனா அவர் உடைஞ்சு கொட்டக் கொட்ட இவ ஒண்டும் கொட்டாமல் நிக்கிறதுதான் கஷ்டம்.

"எப்பிடியம்மா, நந்தினி?" பொறுத்திருந்தன். கனநேரம். இடது கையால ஃபோனைப் பிடிச்சுக் கிட்டக் கொண்டுபோனா.

"ஓம்."

எந்த ஓம் அது?

ஜனவரி 19
இலங்கைக் காட்சிகளைத் தாய்லாந்தில எடுத்தவையாம். ஊமை ராணியைக் கல்கி இருத்தின பூதத்தீவு கோடிக்கரைக்கும் எங்களுக்கும் இடையில. கொஞ்சம் இஞ்சால வந்திருக்கலாம். ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?

ஜனவரி 22
இரவு காய்ச்சல். விடிய இறங்கிட்டுது. எனக்குக் கத்த வேணும் போல இருக்கு.

ஜனவரி 23
நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில ஸ்கான், ஏழு மணிக்கு ஓட்டோ வரும். தங்கச்சி ரிக்கற் போட்டிட்டாள், முன் அறையை ஒதுக்க வேணும். பழைய ரிப்போட் எல்லாம் எந்தப் பையுக்க