நெட் வரவில்லையா? பிழைச் செய்தியை முதலில் படியுங்கள்

லினக்ஸ் கணினியில் நெட் நின்றதும் பலருக்கும் கை நேராக ரவுட்டரின் பவர் பட்டனுக்குத்தான் போகிறது. அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கோளாறு தற்காலிகமாகத் தீரலாம். ஆனால் எங்கே அறுந்தது என்ற தடயமும் அதோடு அழிந்துவிடும். டெர்மினலைத் திறந்து, கேபிளில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே போங்கள்.

தொடக்கம் 'ஐபி லிங்க்' கட்டளை. (பழைய இஃப்கான்ஃபிக் கட்டளை இல்லையென்றால் தேட வேண்டாம். பல விநியோகங்களில் அது இப்போது உடன் வருவதில்லை.) கேபிள் செருகும் கார்டின் வரியில் 'நோ-கேரியர்' என்றிருந்தால் கார்டு விழித்திருக்கிறது, மறுமுனையிலிருந்து சிக்னல் வரவில்லை என்று பொருள். கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வைஃபை என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் எந்தக் கட்டளையும் உதவாது, லேப்டாப்பில் உள்ள வைஃபை ஸ்விட்சைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து 'ஐபி அட்ரஸ்'. முகவரியே இல்லாவிட்டாலும், 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தாலும், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை பதில் தரவில்லை. இந்த நிலையில் வெளியே பிங் செய்து (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று) பார்ப்பது வீண்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம், வெளியே போகும் பாதைகளைக் காட்டும் 'ஐபி ரூட்'. அதில் 'டிஃபால்ட் வயா' என்ற வரி இல்லையென்றால், பிங் உடனே 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்று சொல்லிவிடும். பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) கணினியை விட்டுக் கிளம்பவே இல்லை என்பதே இதன் பொருள். 'சுடோ ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1' என்று உங்கள் கேட்வேயின் (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரவுட்டர்) முகவரியைக் கொடுத்தால் சரியாகும். ஆனால் மறுபடி பூட் ஆனதும் அது போய்விடும், நிரந்தரத் தீர்வு நெட்வொர்க் அமைப்புகளில்தான். இதைவிட ஏமாற்றுவது இரண்டு டிஃபால்ட் வரிகள் இருக்கும் நிலை. மெட்ரிக் (முன்னுரிமை) எண் குறைவான பாதைதான் வெல்லும். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிரல் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். ஆகவே இணையம் இல்லாத ஒரு நெட்வொர்க்கின் கேபிள் செருகியிருந்து, அங்கிருந்தும் ஒரு கேட்வே கிடைத்திருந்தால், நல்ல வைஃபை இருந்தும் எதுவும் திறக்காது. 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' கொடுத்தால் பாக்கெட் எந்தக் கார்டு வழியாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது பிங். லினக்ஸில் அது தானாக நிற்காது, ஆகவே 'பிங் -சி 4' என்று எண்ணிக்கை கொடுங்கள். முதலில் கேட்வே, பிறகு 8.8.8.8 (இணையத்தில் உள்ள கூகுள் சர்வரின் எண்), கடைசியாக ஒரு தளத்தின் பெயர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், அதைச் சொல்வது யார் என்று வரியின் தொடக்கத்தில் பாருங்கள். உங்கள் சொந்த முகவரியே சொன்னால், 'இந்த முகவரி யாருடையது?' என்று உள் நெட்வொர்க்கில் கேட்கும் ஏஆர்பி கேள்விக்குப் பதில் வரவில்லை. 'ஐபி நெய்' (ip neigh) கட்டளை காட்டும் பட்டியலில் அந்த முகவரிக்கு எதிரே 'ஃபெயில்ட்' என்றிருக்கும். கேட்வே பிங்குக்குப் பதில் தராமல், 'ஐபி நெய்'யில் மட்டும் 'ரீச்சபிள்' என்று வந்தால் கவலை வேண்டாம். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி செய்திகளைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், ரவுட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பிங் போகவில்லை என்பதால் மட்டும் இணைப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் சிக்கல் டிஎன்எஸ்ஸில், அதாவது தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில். 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்றால் டிஎன்எஸ் சர்வரிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை. 'நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்' என்றால் பெரும்பாலும் பதில் வந்துவிட்டது, அப்படி ஒரு பெயர் இல்லை என்பதே அந்தப் பதில். எழுத்துப்பிழையைப் பாருங்கள். ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பில் 127.0.0.53 இருப்பதைக் கண்டு அதை அழித்துவிட வேண்டாம். அது கணினிக்குள்ளேயே பெயர் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் சேவை கேள்விகளுக்குக் காத்திருக்கும் முகவரி. உண்மையான சர்வர் எது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும். விபிஎன் துண்டித்த பிறகும் அதன் டிஎன்எஸ் முகவரி அங்கேயே தங்கியிருப்பது அடிக்கடி நடப்பது. இன்னொன்று: டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளை, கணினியிலேயே பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. பிரவுசருக்கு என்ன பதில் கிடைக்கும் என்று அறிய 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' தான் நெருக்கமான சோதனை.

பிங் எல்லாம் சரி, ஆனால் ஒரு சர்வீஸ் மட்டும் வரவில்லையா? 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் பெரும்பாலும் மறுமுனைக் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் (சர்வீஸின் வாசல் எண்ணில்) எந்த நிரலும் காத்திருக்கவில்லை. அங்கே 'எஸ்எஸ் -டிஎல்என்' கொடுத்துப் பாருங்கள். 127.0.0.1 (அந்தக் கணினியையே குறிக்கும் முகவரி) என்று மட்டும் இருந்தால் அந்த சர்வீஸ் வெளியாருக்குத் திறக்கப்படவில்லை. பதிலே இல்லாமல் காத்திருந்து 'டைம்ட் அவுட்' ஆனால் ஃபயர்வால் மீது சந்தேகப்படுங்கள்.

சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரியவை பாதியில் தொங்குகின்றன என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, மீது சந்தேகப்படுங்கள். 'பிங் -எம் டூ -எஸ் 1472 8.8.8.8' கொடுங்கள். எம் பெரிய எழுத்து, எஸ் சிறிய எழுத்து, 'டூ' என்பது do. 1472 உடன் தலைப்புப் பகுதியின் 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போனால் பாதையின் எம்டியூ 1492, பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) இணைப்புகளில் இது வழக்கம். 'சுடோ ஐபி லிங்க் செட்' கட்டளையில் உங்கள் கார்டின் பெயரோடு 'எம்டியூ 1492' கொடுத்து, தொங்கிய பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.