சிவலையை வாரத்துக்கு விட்டபோது

மாட்டை விற்றவர்கள் ஒரு கிழமை அழுவார்கள், அப்புறம் காசைச் செலவழித்து முடிப்பார்கள், மறந்தும்போவார்கள். வாரத்துக்கு, அதாவது கன்றில் பங்கு பேசி வளர்க்க, விட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. என் சிவலை இப்போது தம்பலகாமத்தில் இன்னொருவர் கொட்டிலில் நிற்கிறது. பத்திரத்தில் அது என் மாடு. காலையில் எழுந்ததும் அது யார் முகத்தைப் பார்க்கிறது என்று கேட்டால், என் முகத்தை அல்ல.

2022இல்தான் இது நடந்தது. அந்த வருடம் இலங்கையில் மாடு வைத்திருந்தவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை. புண்ணாக்கு விலையும் தவிட்டு விலையும் கிழமைக்குக் கிழமை ஏறின. எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். முன்பு சிவலை மேய்ந்த வெறும் வளவுகள் ஒவ்வொன்றாக மதில் கட்டி அடைபட்டுவிட்டன. அவிழ்த்துவிட்டால் கட்டாக்காலி மாடு என்று பிடித்து அடைத்துவிட்டுத் தண்டம் கேட்பார்கள். அதைவிடப் பயம் பொலித்தீன். கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் குப்பையில் வாய் வைப்பதைத் திருகோணமலையில் பார்க்காதவர்கள் இல்லை. மாடும் அதைத்தான் செய்யும். இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு இடுப்பில் தட்டு விலகி, குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலைக்குப் போகிறவள். புல் வெட்டப் பகலில் ஆள் இல்லை.

விற்கச் சொன்னார்கள். கேட்டு வந்தவர்கள் மாட்டின் மடியைப் பார்க்கவில்லை, தொடையைப் பார்த்தார்கள். படலையிலேயே திருப்பி அனுப்பினேன். பட்டியில் சேர்க்கலாம் என்று என் தம்பி சொன்னான். பட்டி மாடு வயல் விதைத்த காலம் முழுக்கக் காட்டோரம் நிற்கும், தன் பாட்டில் ஈனும், தன் பாட்டில் வளரும். வீட்டுக் கழுநீர் குடித்துப் பழகிய மாட்டுக்கு அது தண்டனை. மிஞ்சியது வாரம். மாடு நம்முடையது, வளர்ப்பு அவர்களுடையது, பால் அவர்களுக்கு, கன்றுகளில் முறை வைத்துப் பங்கு.

வாரத்துக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். நான் அவர்கள் கொட்டிலைப் போய்ப் பார்த்தேன். காது மடலுக்குள் உண்ணி இருக்கிறதா, கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தம்பலகாமத்து வீட்டில் பால் வற்றிப்போன கிழட்டு மாடு ஒன்று வேப்பமரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றேன். "அது அம்மாட மாடு அக்கா" என்றார் அந்தத் தம்பி. அதன்பிறகு நான் வேறு வீடு பார்க்கவில்லை.

சரி, பேச்சு. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று வாய்ப் பேச்சோடு விடுகிறவர்கள்தான் அதிகம். நான் எழுதித்தான் ஆகவேண்டும் என்று நின்றேன். தாயோடு கூடப்போகும் நாம்பன் கன்று, அதாவது ஆண் கன்று, அவருக்கு, அடுத்து ஈனுவது எனக்கு என்பது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நேரம் எடுத்தது மற்றவைதான். நோய் வந்தால் மருந்துச் செலவு யாருக்கு? செத்தால்? என்னைக் கேட்காமல் வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது என்பதற்கு அவர் உடனே சம்மதித்தார். குறி சுடுவதில்தான் முரண்பட்டோம். மாடு களவு போகிற ஊர், குறி இல்லாவிட்டால் பிறகு யாருடையது என்று நிரூபிக்க ஏலாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இரும்பு பழுக்கக் காய்வதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் காதில் இருந்த இலக்கத் தகட்டையும் படங்களையும் வைத்துச் சமாளிப்பது என்று முடிவானது. நாலு பக்கமும் படம் எடுத்தோம். நெற்றிச் சுழி தெரியத் தனியாக ஒன்று.

மாட்டை வாகனத்தில் ஏற்ற அனுமதி வேண்டும். கால்நடை வைத்தியர் பார்த்து எழுதித் தரவேண்டும். அலைச்சல்தான், ஆனால் வீதியில் மறித்தால் காட்ட ஒரு தாள் இருப்பது நிம்மதி. டீசலை கியூஆர் அட்டை காட்டி அளவாகத்தான் வாங்கலாம் என்று வந்திருந்த காலம். பட்டா என்ற சின்ன லொறி வைத்திருந்தவர் தன் பங்கு டீசல் கிடைக்கும் கிழமையில்தான் வர முடிந்தது. அந்த இழுபறியில் ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசி நாள் என்று நினைத்து நினைத்து, ஏற்றிய அன்று எனக்கு அழுகையே வரவில்லை. கண்டி வீதியில் பட்டாவின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனோம். சிவலை என்னைப் பார்க்கவில்லை. கன்றைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

அழுகை பிறகு வந்தது, அதுவும் மரக்கறித் தோலால். பூசணித் தோலைச் சீவி வாளியில் போட்டுவிட்டு, அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றேன். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடும், கைக்கு வேலை இருக்காது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி என்று அயலில் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கட்டிக்கொடுத்த பெண் தொலைபேசியில் பேசுவாள், கோபித்துக்கொண்டு வந்தும் நிற்பாள்.

முதல் கிழமை அங்கே சிவலை பால் இறக்கவில்லை. கன்று ஊட்டும்போது சுரக்கும், கை வைத்ததும் பிடித்துக்கொள்ளும். காலால் உதைத்து வாளியையும் கவிழ்த்தது. பயந்த மாட்டுக்குப் பால் இறங்காது, புது இடமும் புதுக் கையும் பழகும் வரைக்கும் அப்படித்தான் என்று வைத்தியர் சொன்னார். கொஞ்ச நாளைக்கு நீங்கள் போகாமல் இருப்பது நல்லது என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். என் கை இல்லாமல் அது கஷ்டப்படுகிறது என்றால், நான் அதற்கு ஏதோ ஆளாக இருந்திருக்கிறேன் இல்லையா?

அந்த வீட்டுத் தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தாள். "உங்கட பழைய சீலை ஒண்டு குடுத்துவிடுங்க அக்கா, துவைக்காமல்" என்றாள். அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கறந்தாளாம். இரண்டொரு நாளில் பால் இறங்கத் தொடங்கியது. தொலைபேசியில் அதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்துபோனது. கொஞ்ச நாள் கழித்து அவளே எடுத்து, "இப்ப சீலை தேவையில்ல அக்கா, ஒண்டுக்கும் யோசியாதீங்க" என்றாள். நல்ல செய்திதான். நான் அன்று சாப்பிடவில்லை.

2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மழையில் நனைந்து, காற்றில் நின்று, விறைத்தே விழுந்தன. அந்த இரவு நான் எத்தனை தடவை அழைப்பு எடுத்தேன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். கொட்டிலைச் சுற்றிப் படங்கு கட்டி, மூலையில் நெருப்பு மூட்டி, தன் போர்வையைச் சிவலைக்கும் அந்தக் கிழட்டு மாட்டுக்கும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுத் தம்பி விழித்திருந்திருக்கிறார். எங்கள் வீட்டில் என்றால் இடுப்பு வலிக்காரரும் நானும் என்ன செய்திருப்போம்? அந்த இரவுக்குப் பிறகு நான் அழைப்பு எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் சண்டை வந்தது. ஊசி போட்டுச் சினைப்படுத்தும்போது அந்தத் தம்பி பிரீசியன் இனம் வேண்டும் என்றார், பால் கூடும் என்று. வரப்போகும் கன்று என் பங்கு. எனக்குப் பாலைவிடத் தாயின் உயிர் பெரிது. சின்ன உடம்பு மாட்டுக்குப் பெரிய கன்று என்றால் ஈற்றில் சிக்கும் என்று பயந்தேன். இந்த வெயிலுக்கு ஜேர்சியோ சாகிவாலோ தோதாக இருக்கும் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் அடங்கினோம். யார் முடிவு செய்வது என்பதைத் தாளில் எழுதி வைத்திருந்தால் இந்த மனக்கசப்பே வந்திருக்காது என்று அவரே பிறகு சொன்னார்.

2023 கடைசியில் சிவலை நாகு கன்று, அதாவது பெண் கன்று, ஒன்று ஈன்றது. ஜேர்சிக் கலப்பு, நெற்றியில் தாயின் அதே சுழி. அடுத்த பட்டிப் பொங்கலுக்குப் போனோம். மாலையை என் கையில் தந்து போடச் சொன்னார்கள். சிவலை என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, வாளியோடு வந்த தங்கச்சியின் பக்கம் திரும்பிவிட்டது. பரவாயில்லை என்று சொன்னேன். பாதி உண்மைதான்.

இவருக்கு இடுப்பு ஓரளவு தேறிவிட்டது. சிவலையைத் திரும்பக் கூட்டிவரலாம் என்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. என் ஆசைக்காக அதை இன்னொரு தடவை கொட்டில் மாற்றுவதும் புதுக் கைக்குப் பழக்குவதும் சரியில்லை. வாரத்தை இன்னொரு ஈற்றுக்கு நீட்டி எழுதியிருக்கிறோம், இந்த முறை ஊசி விஷயத்தையும் சேர்த்து. நாகைக் கொண்டுவர மட்டும் யோசனை இருக்கிறது. மதில் கட்டாத வளவு ஒன்று நிலாவெளி வீதியில் குத்தகைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.