தனுஷ்கோடியில் ஒரு மெழுகுவர்த்தி

அறுபது ஆண்டுப் பொருத்தனையைப் போன வாரம் தீர்த்துவிட்டோம். மாதாவே, உமக்கு நன்றி.

1964 டிசம்பரில் அம்மாச்சி தலைப்பிரசவத்திற்குத் தங்கச்சிமடம் வந்திருந்தார். தாத்தா தனுஷ்கோடியில். 22ஆம் தேதி இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் ஆட்களோடு வாரிக்கொண்டது. தாத்தா உயிரோடு திரும்பினால், தாலி கட்டிய அதே தனுஷ்கோடி மாதா கோவில் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மாச்சி நேர்ந்துகொண்டார். மூன்றாம் நாள் தாத்தா வந்து நின்றார். ஆனால் கோயிலில் கூரை இல்லை, பூசை இல்லை. ஊரே குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. தாத்தா கடைசிவரை அந்தப் பக்கம் போகவும் இல்லை, போக விடவும் இல்லை. அவருடைய வருடப் பூசை முடிந்த மறுநாள், "வண்டியைப் பிடி" என்றார் அம்மாச்சி.

ராமேஸ்வரத்தில் வேன்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு வாடகை சொன்னார்கள். நல்ல சாலை போட்டும் வாடகை மட்டும் மணலில் போன காலத்து வாடகைதான்! வழியெல்லாம் அம்மாச்சி வெறும் மணலைக் காட்டி, தபாலாபீஸ், சுங்க அலுவலகம், தலைமன்னார்க் கப்பலுக்குக் காத்திருக்கும் கூட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1914இல் கப்பலோடு இணைந்த ரயில் வந்ததிலிருந்து கலகலவென்று இருந்த ஊராம்.

கோயிலின் பவளக்கல் சுவர்கள் நிற்கின்றன. பீடமும் நிற்கிறது, அதன்மேல் இரண்டு இளைஞர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம். அம்மாச்சி, "இறங்குங்கள் தம்பி, என் கல்யாணம் நடந்த இடம்" என்றார். இறங்கிவிட்டார்கள், ஒருவன் செருப்பையும் கழற்றினான்.

காற்று விடவில்லை. நான்கு முறை ஏற்றினோம், நான்கு முறையும் அணைந்தது. அம்மாச்சியின் கை நடுங்கியது. "இத்தனை வருடம் கழித்து வந்ததற்குக் கோபமோ" என்று முணுமுணுத்தார். பார்த்துக்கொண்டிருந்த சங்குக் கடைக்காரப் பெண் வாயுடைந்த பெரிய சங்கொன்றை எடுத்து வந்து, "இதற்குள் வையுங்கள் அம்மா" என்றார். சுடர் நின்றது. அருள் நிறைந்த மந்திரத்தை அம்மாச்சி எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. மெழுகு முழுவதும் உருகும்வரை மணலில் முழந்தாளிட்டே இருந்தார். மூட்டுவலிக்காரர்!

காத்திருந்ததற்கு வேன்காரர் இன்னும் இருநூறு கேட்டார். ஒரு கூறு மீனுக்கு அரைமணி நேரம் பேரம் பேசும் அம்மாச்சி, "கொடுத்துவிடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.