எலுமிச்சையும் மிளகாயும் ஈரல் புழுவைக் கொல்லுமா?

பச்சை மீனோடு இஞ்சி, பூண்டு, மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் புழு அண்டாது என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. அந்த நம்பிக்கையால் மிக அதிகமாக இழந்திருப்பது தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசான் என்றே நினைக்கிறேன்.

அங்கே கொய் பிளா என்றோர் உணவு உண்டு. நன்னீரில் பிடித்த சிறு கெண்டையின மீன்களைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மிளகாய், சின்ன வெங்காயம், புதினா, வறுத்த அரிசிப் பொடி சேர்த்துப் பிசைவார்கள். சாறு பட்டதும் சதை வெளுத்துவிடுவதால், பார்ப்பவருக்கு மீன் வெந்துவிட்டதாகவே தோன்றும். வெளுப்பது மீனின் புரதம் மட்டுமே. சதைக்குள் நுண்ணிய உறையில் சுருண்டிருக்கும் ஈரல் புழுவின் இளம்பருவத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. இரைப்பையின் அமிலத்தையே தாங்கிக் கடந்து, சிறுகுடலை அடைந்த பிறகு திறக்கும் உறை அது. எலுமிச்சையின் புளிப்பு அதற்கு எம்மாத்திரம்? வெளிவந்த புழு, ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுவரும் குழாயான பித்தநாளத்தில் ஏறிக் குடியேறிப் பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழும். அங்கே ஓயாமல் உண்டாகும் அழற்சி சிலருக்குப் பித்தநாளப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதால், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இப்புழுவை உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. ஈசானிலுள்ள கோன்கேன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் நரோங் குந்திக்கியோ தம் பெற்றோர் இருவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்.

இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால், ஷோகாவோல் ஆகியவை அனிசாக்கிஸ் என்னும் கடல்மீன் புழுவை ஆய்வகத்தில் கொல்வது உண்மைதான். ஆனால் தட்டின் ஓரத்தில் வைக்கும் இஞ்சித் துண்டால், சதைக்குள் இருக்கும் புழுவை அந்தச் செறிவோடு எட்ட முடியாது. சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் அளவில் வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி என்னும் காரமான பச்சை விழுது எதுவும் அனிசாக்கிஸைக் கொல்லாது என்று ஜப்பானின் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கிறது. மீனின் உட்பகுதிவரை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைப்பதும், 60 டிகிரியில் ஒரு நிமிடமாவது சூடாக்குவதுமே அந்தப் புழுவைக் கொல்ல அது கூறும் வழிகள்.

ஈரல் புழுவுக்குப் பிரசிகுவாண்டல் மாத்திரை உண்டு. ஆனால் அதை நம்பி மறுபடியும் பச்சை மீன் உண்பவருக்குப் புழு மறுபடியும் தொற்றும். கொய் பிளாவையே மீனை நன்றாக வேகவைத்து, இறக்கிய பின் அதே எலுமிச்சையும் புதினாவும் அரிசிப் பொடியும் கலந்து செய்யலாம். சுவை மாறிவிடும் என்று அங்குள்ள முதியவர்கள் மறுப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிள்ளைகளின் தட்டில் அந்த வெந்த மீனையே வைக்கும்படி அவர்களை வேண்டிக் கேட்பேன்.