கரும்புச் சோகையும் கறுப்புக் கடலும்

6 ஆகஸ்ட் 2020, வியாழன், மாஹேபூர், மொரீஷியஸ்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் பெட்ரோல் பங்க் வாடை. ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாரில் ஏறி நின்ற வாகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது. 300 மீட்டர் நீளக் கப்பல். சரக்கு எதுவும் இல்லை. ஆனால் அது ஓடுவதற்கான எண்ணெயே ஏறக்குறைய 4000 டன். பன்னிரண்டு நாளாகக் கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அத்தை கடற்கரைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி அசையவே இல்லம்மா. பாயசம் மாதிரி கெட்டியா கிடக்கு" என்றார். இந்த வீட்டில் பேத்தியிடமும் தமிழிலேயே பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை.

8 ஆகஸ்ட், சனி

இன்று தமிழ் வகுப்பு இல்லை. பிள்ளைகள், பெற்றோர் எல்லாருமே கடற்கரையில் இருந்தோம். எண்ணெயைத் தடுக்கும் மிதவை வெளிநாட்டிலிருந்து வரும்வரை யார் காத்திருப்பது? நல்லவேளை, இது கரும்பு வெட்டும் காலம். தோட்டத்தில் காய்ந்த சோகை மலைபோலக் கிடக்கிறது. லாரி லாரியாக வந்து இறங்கியது.

வேலை இதுதான். துணியை நீளக் குழாய்போல மடித்துத் தைக்க வேண்டும். அதற்குள் சோகையை இறுக்கித் திணிக்க வேண்டும். மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களை மூடி போட்டுக் கட்ட வேண்டும். காய்ந்த சோகை எண்ணெயை நன்றாக இழுத்துக்கொள்கிறது. அத்தை வீட்டிலிருந்து கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்திருந்தார். அவர் தையல் போட, நான் திணித்தேன். சோகையின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கிறது. சுணை ஏறி முழங்கை வரை அரிப்பு. பக்கத்தில் கிரியோல் மீனவர், முஸ்லிம் தையற்காரர், பிரெஞ்சு பேசும் ஒரு பாட்டி. யார் யாருக்கு வேலை சொன்னது என்றே தெரியவில்லை. ஒரு மிதவை முடிந்ததும் இருபது பேர் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனோம். தேர் வடம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

9 ஆகஸ்ட், ஞாயிறு

தலைமுடியும் எண்ணெயைப் பிடிக்குமாம். சலூன்களில் மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறார்கள். என் மாணவி ஒருத்தி இடுப்பு வரை இருந்த பின்னலை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சுத்தம் செய்வதை அதிகாரிகளிடம் விட்டுவிட்டுப் பொதுமக்கள் விலகிக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்தது. யாரும் விலகவில்லை. 2017இல் எண்ணூரில் எண்ணெய் ஒதுங்கியபோது வாளியால் அள்ளியதைச் சென்னையில் இருந்து பார்த்தவள் நான். கையால் அள்ளுவதன் ஆபத்து தெரியும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரையும் இறங்க விடவில்லை. ஆனால் அள்ளாமல் இருக்கவும் முடியாது. எதிரே இருப்பது எக்ரெத் தீவு. வெறும் 26 ஹெக்டேர்தான், ஆனால் அழிந்துபோன பழைய கருங்காலிக் காட்டின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. 1990 வாக்கில் காட்டில் சுமார் 10 என்று சுருங்கிய இளஞ்சிவப்புப் புறாவைத் திரும்பவும் பெருக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து சில அரிய சிறு பறவைகளையும் நாற்றுகளையும் படகில் அப்புறப்படுத்துகிறார்கள்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

கப்பல் நேற்று இரண்டாக உடைந்தது. அதற்குள் மீதி எண்ணெயில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்திருந்தார்கள். ஆனாலும் 1000 டன் அளவு, பவளப்பாருக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் லகூனில் கலந்துவிட்டது. ஊறிய மிதவைகளை இழுத்துக் கரை சேர்த்தோம். போட்டபோது பஞ்சாக இருந்தவை. இப்போது ஒன்றை அசைக்கவே எட்டுப் பேர் வேண்டும்.

26 ஆகஸ்ட், புதன்

கிராண் சாப்ள் கரையில் டால்பின் வகைத் திமிங்கலங்கள் செத்து ஒதுங்கியிருக்கின்றன. பதினேழு, பதினெட்டு என்கிறார்கள். கப்பலின் உடைந்த முன்பகுதியைக் கடலுக்குள் மூழ்கடித்து இரண்டு நாள்தான் ஆகிறது. காரணம் அதுவா, எண்ணெயா, ஆய்வு முடிந்தால்தான் தெரியும். அந்தப் படத்தை அத்தையிடம் காட்டவில்லை.

12 செப்டம்பர், சனி

தலைநகர் போர்ட் லூயியில் இரண்டு வாரம் முன்பு நடந்த கண்டன ஊர்வலம்போல இன்று எங்கள் ஊரிலேயே. எல்லாரும் கறுப்பு உடை. அத்தையும் வந்தார், முழங்கால் வலியோடு.

போன மாதம் வகுப்பில் 'அலையாத்தி' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அலையை ஆற்றுகிற மரம் என்று. பின்னலை வெட்டிய அந்தப் பெண் அதையே அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, கீழே மரம் வரைந்து, வேர்களைப் பாதி உயரம் வரை கறுப்பாகத் தீட்டியிருந்தாள். கறுப்பு எதுவரை என்று கரைக்குப் போய் ஸ்கேல் வைத்து அளந்தாளாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, ஊர் மொழியான கிரியோலில் விளக்கிவிட்டுத்தான் நகர்ந்தாள். கடைசியில் நாங்கள் ஊர்வலத்தின் வாலுக்குப் போய்விட்டோம்.